புகையைக் குளிப்பாட்டும் கோபுரம்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் தூத்துக்குடி துறைமுகம். அதை ஒட்டி நிற்கிறது தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகளைக் கொண்ட அனல்மின் நிலையம். முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே, 2015-இல் வந்த என்.டி.பி.எல். நிலையத்தின் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவுதான். நூற்றுக்கு அரைப் பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னில் 5 கிலோ. எரியும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து அது 10 கிலோ கந்தக டை ஆக்சைடாகிறது. 210 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு 3,000 டன் நிலக்கரிக்குக் குறையாது. வாயு மட்டும் 30 டன். மூச்சுக்குழாயை எரிக்கும் இந்த வாயு, காற்றில் போகப்போக நுண்துகளாகவும் மாறி நெடுந்தூரம் பரவும்.

சாம்பலைப் பிடிக்கும் கருவியில் இது சிக்காது. அதற்கென்றே தனிக் கோபுரம் வேண்டும். கீழிருந்து புகை ஏற, மேலிருந்து சுண்ணாம்புக்கல் மாவு கரைத்த நீரைப் பூவாளியில் ஊற்றுவதுபோல் தெளிப்பார்கள். வாயு கரைசலில் மாட்டிக்கொள்ளும். அடியில் காற்றைச் செலுத்தினால் ஜிப்சமாகப் படியும். 10 கிலோ வாயுவைப் பிடிக்கச் சுமார் 16 கிலோ சுண்ணாம்புக்கல் செலவாகும். 27 கிலோ ஜிப்சம் கிடைக்கும்.

இரண்டுமே இந்த வட்டாரத்துக்குப் பழகிய சரக்கு. சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1949-இல் தாழையூத்தில் சிமென்ட் ஆலை வந்தது. சிமென்ட் தண்ணீர் பட்டதும் சட்டென்று இறுகிவிடாமலிருக்க ஜிப்சம் சேர்த்தே அரைக்கிறார்கள். உப்பளங்களிலும், கடல்நீர் வற்றும்போது உப்பு விளைவதற்கு முன்பே பாத்தியில் படிவது ஜிப்சம்தான்.

கடல்நீருக்கே இயற்கையாகக் காரத்தன்மை உண்டு. அதைக் கொண்டும் புகையைக் கழுவலாம். மும்பை டிராம்பேயில் டாடா நிலையம் அப்படித்தான் செய்கிறது. லண்டன் பேட்டர்சீ மின் நிலையம் 1930-களிலேயே தேம்ஸ் ஆற்று நீரால் கழுவியது. ஆனால் கழுவிய நீர் மறுபடி கடலுக்கே போகும். மன்னார் வளைகுடாவில் வலை வீசுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

2015 டிசம்பரில் மத்திய அரசு கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்தது. ஒரு கனமீட்டர் புகையில், 500 மெகாவாட்டுக்குக் குறைந்த பழைய அலகுகளுக்கு 600 மில்லிகிராம். 2016 வரை வந்த பெரிய அலகுகளுக்கு 200. இரண்டு ஆண்டு கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. செலவு அதிகம், கோபுரமே மின்சாரம் தின்னும், சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரியமில வாயு வேறு வரும் என்று வாதங்கள் எழுந்தன. கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் 78 விழுக்காடு அலகுகளுக்கு விலக்கு கிடைத்தது.

காற்று மாசு வரம்பை மீறிய நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் அலகுகளுக்கு அந்த விலக்கு தானாக வராது. ஒவ்வொன்றாகப் பரிசீலித்தே முடிவு. தூத்துக்குடியோ 2019-லேயே அந்த நகரங்களின் பட்டியலில் ஏறிவிட்டது.