தவணைக்கு வாராத வழக்காளி



நீதிமன்றத்திலே ஒருவருடைய பெயர் கூவப்படுகின்றது. மறுமொழி இல்லை. மீண்டும் கூவப்படுகின்றது, அப்பொழுதும் மறுமொழி இல்லை. சில நிமிடங்களில் அவர் தொடுத்த வழக்கு முடிந்துவிடுகின்றது. உண்மை யார் பக்கம் என்று எவரும் ஆராயவில்லை. சாட்சி ஒருவரேனும் விசாரிக்கப்படவில்லை. ஆயினும் அவர் தோற்றுவிட்டார். இஃது எவ்வாறு நேர்கின்றது? நேர்ந்தபின் செய்யத்தக்கது யாது?

இலங்கையிற் குடியியல் வழக்குகளுக்கு வழிகாட்டுவது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையாகும். சட்டத்தரணியின் துணையின்றித் தாமே தோன்றி வழக்காட அதன் 24ஆம் பிரிவு இடமளிக்கின்றது. செலவுக்கு அஞ்சுவோர்க்கு இது நல்லதோர் உரிமை. ஆனால் உரிமையோடு சுமையும் வருகின்றது. தவணைநாளை நினைவூட்டவும், பெயர் கூவப்படும்போது எழுந்து நிற்கவும் அவருக்கு வேறொருவர் இல்லை.

ஒரு கமக்காரர் அயலவருக்குக் கொடுத்த கடனை மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்குக் குறித்த நாளில் அவர் வரவில்லை. 87ஆம் பிரிவின்படி வழக்குத் தள்ளுபடியாகும். எதிராளியும் வராவிட்டால்? அப்பொழுதும் தள்ளுபடியே, வழக்கை நடத்தும் பொறுப்பு அதனைத் தொடுத்தவருடையது அல்லவா? இதனினுங் கடுமையானது ஒன்றுண்டு. அதே காரணத்தின் பேரில் அவர் புதிதாக வழக்கிட முடியாது. கையிலே கடன் பத்திரம் இருந்தும் பயனில்லை.

வாராமை மட்டுமன்றி, வாளாவிருத்தலும் வழக்கைக் கெடுக்கும். வழக்காளி செய்யவேண்டிய நடவடிக்கையைச் செய்யாமல், வழக்கேட்டின் இறுதிப் பதிவிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேற் கழிந்தால், வழக்கு அற்றுப்போயிற்று என மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம் என்கின்றது 402ஆம் பிரிவு. ஆனால் தவணை குறிப்பது போன்ற நீதிமன்றத்தின் கடமை தவறியிருப்பின், அத் தவறு வழக்காளியின் தலையில் விழாது.

சட்டம் ஏன் இத்துணைக் கடுமை காட்டுகின்றது? எதிராளியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். முடிவு காணாத வழக்கொன்றைத் தலைமேற் சுமந்துகொண்டு அவர் எத்தனை ஆண்டு காத்திருப்பார்?

எனினும், அடைத்த கதவுக்குத் திறவுகோலும் உண்டு. தள்ளுபடியான வழக்காளி, நியாயமான காலத்துக்குள், சத்தியக்கடதாசியுடன் அதே நீதிமன்றத்துக்கு விண்ணப்பஞ் செய்யலாம். எதிராளிக்கு அறிவித்தல் கொடுத்து விசாரித்தபின், வாராமைக்குத் தக்க காரணம் இருந்ததென நீதிமன்றம் திருப்தியுற்றால், செலவு பற்றிய நிபந்தனையுடன் தள்ளுபடியை நீக்கும். அற்றுப்போன வழக்குக்கும் இத்தகைய வழி 403ஆம் பிரிவில் உண்டு. தள்ளுபடியை எதிர்த்து நேரே மேன்முறையீட்டுக்கு ஓடுவதிற் பயனில்லை. இவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டாலே அம் மறுப்பின்மேல் மேன்முறையீடு எழும்.

ஆகவே, தாமே வழக்காடுவோர் தவணைநாளை வீட்டுச் சுவரில் எழுதிவைத்தல் நன்று. நோயுற்றால் வைத்தியச் சான்றிதழை உடனே பெறுக. தள்ளுபடியானதை அறிந்தால் ஒருநாளும் தாமதியாது விண்ணப்பிக்க. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நீதிமன்றம் நியாயத்தைக் கேட்கும். ஆனால் அதனைச் சொல்வதற்கு நாம் அங்கே நிற்றல் வேண்டும்.