சின்னமா, ஆளா? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் ஓயாத வாதம்!

"ஆளைப் பாக்காதே தம்பி, சின்னத்தைப் பாரு!"

"அதெப்படிண்ணே? நாளைக்குத் தெருவுல தண்ணி நின்னா சின்னமா வந்து இறைக்கும்?"

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும். ஆவடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்கள் மத்தியில், பூந்தமல்லி பஸ் நிறுத்தத்தில், திருவள்ளூர் லோக்கலில் இந்த இரண்டு குரல்களையும் கேட்கலாம். டீ ஆறிப்போகும், ரயில் வந்துவிடும், வாதம் மட்டும் முடியாது.

தமிழ்நாடு முழுக்க நடக்கிற வாதம்தான் இது. ஆனால், சென்னையின் இந்த மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. காரணம், 2016-க்கும் 2021-க்கும் இடையில் இந்த மூன்று தொகுதிகளும் பார்த்துவிட்ட அனுபவம்.

ஒரு சாவடி அளவு வித்தியாசம்

2016 மே 16. தமிழ்நாடு பலமுனைப் போட்டியைச் சந்தித்த தேர்தல் அது. அ.தி.மு.க. ஒருபக்கம், தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி இன்னொரு பக்கம், விஜயகாந்தை முதல்வர் வேட்பாளராக முன்னிறுத்திய மக்கள் நலக் கூட்டணி மூன்றாவது பக்கம். பா.ம.க., பா.ஜ.க., நாம் தமிழர் என ஒவ்வொன்றும் தனி வழி. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த விதம் சரியா, தவறா என்று வீட்டுக்கு வீடு பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம்.

ஆவடியில் அ.தி.மு.க. சார்பில் நின்றவர் 'மாஃபா' பாண்டியராஜன். மனிதவள நிறுவனம் நடத்திப் பெயர் பெற்றவர். 2011-ல் தே.மு.தி.க. சார்பில் விருதுநகரில் ஜெயித்து, பிறகு அ.தி.மு.க.வுக்கு வந்தவர். எதிரே தி.மு.க.வின் சா.மு.நாசர். ஊரையும் சேர்த்து 'ஆவடி நாசர்' என்றே அழைக்கப்படுபவர். வாதத்துக்கு வேறு என்ன வேண்டும்?

"படிச்சவர், கம்பெனி நடத்தினவர். நம்ம பசங்களுக்கு வேலைக்கு வழி பண்ணுவார்."

"விருதுநகர்ல நின்னவர் சார் அவரு. இவரு நம்ம ஊர்க்காரர். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டலாம்."

வாக்குகளை எண்ணி முடித்தபோது பாண்டியராஜனுக்கு 1,08,064. நாசருக்கு 1,06,669. வித்தியாசம் 1,395.

அந்தச் சமயத்தில் நகர்ப்புறத்தில் ஒரே ஒரு வாக்குச்சாவடிக்கு ஒதுக்கப்படும் வாக்காளர்களின் எண்ணிக்கையே ஏறக்குறைய இவ்வளவுதான். 'நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆகிடப்போகுது' என்று அன்று வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மே 19-ம் தேதி சாயந்திரம் என்ன நினைத்திருப்பார்கள்?

ஒரே இலை, மூன்று திசை

அந்தத் தேர்தலில் மூன்று தொகுதிகளிலும் ஜெயித்தது இரட்டை இலைதான். ஆவடியில் பாண்டியராஜன், அம்பத்தூரில் வி.அலெக்சாண்டர், தனித்தொகுதியான பூந்தமல்லியில் டி.ஏ.ஏழுமலை. 'சின்னத்தைப் பாரு' என்று சொன்னவர்களுக்கு அன்று நிம்மதியான தூக்கம்.

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரியில் கட்சி இரண்டானது. பள்ளிக்கல்வித் துறை அமைச்சராக இருந்த பாண்டியராஜன், பிப்ரவரி 11-ல் ஓ.பன்னீர்செல்வம் பக்கம் போனார். அதே மாதம் 18-ம் தேதி சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்தப் பதினொன்றில் ஒன்று ஆவடியின் வாக்கு. அம்பத்தூரும் பூந்தமல்லியும் 122-ல் இருந்தன.

கதை அங்கேயும் நிற்கவில்லை. ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்தன. பாண்டியராஜன் மறுபடி அமைச்சரானார். பூந்தமல்லி ஏழுமலையோ டி.டி.வி.தினகரன் பக்கம் போய்விட்டார். 2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்த 18 எம்.எல்.ஏ.க்களில் அவரும் ஒருவர். அலெக்சாண்டர் மட்டும் ஆளும் தரப்பிலேயே இருந்தார்.

பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள். ஒரே பட்டனை அழுத்திய மக்கள். பதினாறே மாதத்தில் மூன்று எம்.எல்.ஏ.க்களும் மூன்று திசையில்! போதாக்குறைக்கு 2017 மார்ச்சில் இரட்டை இலைச் சின்னத்தையே தேர்தல் ஆணையம் முடக்கிவைத்தது. நவம்பரில்தான் திரும்பக் கிடைத்தது.

"இப்போ சொல்லுண்ணே, எந்தச் சின்னத்தைப் பாக்கிறது?" என்று டீக்கடைத் தம்பி மடக்குவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

அண்ணனிடமும் பதில் இல்லாமல் இல்லை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, ஒரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்தவர் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். அதாவது, எம்.எல்.ஏ. கட்சிக்குக் கட்டுப்பட்டவர் என்று சட்டமே சொல்கிறது. "ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சட்டசபையில கட்சி சொல்றபடிதான் கை தூக்கணும். அப்புறம் ஆளைப் பார்த்து என்ன பண்றது?" இதுவும் நியாயமான கேள்விதான்.

ஆனால், விலை கொடுத்தவர்கள் பூந்தமல்லிக்காரர்கள். தகுதிநீக்கம் செல்லும் என்று உயர் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வரவே 2018 அக்டோபர் 25 ஆகிவிட்டது. இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18-ல். ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பூந்தமல்லிக்கு எம்.எல்.ஏ. இல்லை. அந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் ஆ.கிருஷ்ணசாமி ஜெயித்தார்.

சாக்கடைக்கு எம்.எல்.ஏ.வா?

"கால்வாய் அடைப்பை எடுக்கிறது கவுன்சிலர் வேலைம்மா. எம்.எல்.ஏ. சட்டம் போடுறவர்" என்று விவரம் தெரிந்த மாமா ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். சொல்வது சரிதான். ஆனால், 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அடுத்து நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலாக அம்பத்தூரில் கவுன்சிலர் இல்லை, ஆவடியில் இல்லை, பூந்தமல்லியிலும் இல்லை. நகராட்சியாக இருந்த ஆவடி, 2019-ல் மாநகராட்சியாக உயர்ந்தபோதுகூட மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அதிகாரிகள்தான் நிர்வாகம்.

ஆக, குடிநீர் வரவில்லையா, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மூடப்படவில்லையா, கேள்வி கேட்க மக்களுக்கு இருந்த ஒரே உள்ளூர் முகம் எம்.எல்.ஏ. மட்டும்தான். 2021 தேர்தலில் வேட்பாளர்களைச் சுற்றி நின்ற பெண்கள் கொள்கையைவிடக் குழாயைப் பற்றி அதிகம் பேசினார்கள் என்றால் காரணம் இதுதான். பூந்தமல்லியில் எம்.எல்.ஏ.வும் இல்லாத அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள்!

ஆயிரமா, ஆயிரத்து ஐந்நூறா?

2021-ல் வாதம் டீக்கடையை விட்டு அடுப்படிக்குள் வந்தது. குடும்பத்தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது தி.மு.க. 1,500 ரூபாய், வருடத்துக்கு ஆறு சிலிண்டர், வாஷிங் மெஷின் என்றது அ.தி.மு.க. இல்லத்தரசிகளின் உழைப்புக்கு ஊதியம் என்று தங்கள் கட்சிதான் முதலில் சொன்னது என்றார் கமல்ஹாசன். பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் இலவசப் பயணம் என்று ஒரு தரப்பு, பாதிக் கட்டணம் என்று இன்னொரு தரப்பு.

"அத்தை, ஐந்நூறு ரூபா கூட வருதே!"

"வரும்டி, வந்தாத்தானே? பஸ் ஃப்ரீன்னா நாளைக்கே மிச்சம். எஸ்டேட்டுக்குப் போக வர மாசம் எவ்வளவு ஆகுதுன்னு நீயே கணக்குப் போடு."

கணவனுக்கு ஒரு கட்சி, மாமியாருக்கு ஒரு கட்சி, முதல்முறை ஓட்டுப் போடும் மகளுக்கு இன்னொரு கட்சி என்று ஒரே வீட்டில் மூன்று அணிகள் இருப்பது இங்கே புதிதில்லை.

ஆவடியின் குடியிருப்புகளில் வாதத்தின் நிறமே வேறு. கனரக வாகனத் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை என்று பாதுகாப்புத் துறை ஆலைகளை நம்பி வளர்ந்த ஊர் இது. அந்த ஆலைகளை அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்போவதாக 2020 மே மாதமே மத்திய அரசு அறிவித்திருந்தது. அது மாநில அரசின் கையில் இல்லாத விஷயம்தான். இருந்தாலும், அ.தி.மு.க.வோடு பா.ஜ.க. கூட்டணியில் இருந்ததால், தொழிலாளர் குடும்பங்களில் அதுவும் ஓட்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டது. 2021 அக்டோபர் 1-ல் நாடெங்கும் இருந்த 41 ஆலைகள் ஏழு நிறுவனங்களாகின.

புரண்டது 56,670

ஏப்ரல் 6. முகக்கவசம், கையில் பிளாஸ்டிக் உறை, மாலை 6 மணிக்கு மேல் கொரோனா நோயாளிகளுக்குத் தனி நேரம் என்று யாரும் மறக்க முடியாத வாக்குப்பதிவு. ஆவடியில் அதே இருவர். இந்த முறை பாண்டியராஜன் அமைச்சர். பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா போன்ற வேலைகளைக் காட்டி ஓட்டுக் கேட்டார். நாசர் ஐந்து வருடம் முன்பு 1,395-ல் தோற்றவர்.

மே 2-ல் வந்த முடிவில் நாசருக்கு 1,50,287, பாண்டியராஜனுக்கு 95,012. வித்தியாசம் 55,275. 2016-ல் இருந்து பார்த்தால் 56,670 வாக்கு இந்தப் பக்கம் புரண்டிருக்கிறது. அம்பத்தூரில் அலெக்சாண்டரை தி.மு.க.வின் ஜோசப் சாமுவேல் வென்றார். பூந்தமல்லியில் கிருஷ்ணசாமிக்கு 94,110 வாக்கு வித்தியாசம்.

மூன்றும் ஒன்றாக இலைக்குப் போயின, மூன்றும் ஒன்றாகச் சூரியனுக்கு வந்தன. "பாத்தியா, கடைசியில சின்னம்தான்!" என்று அண்ணன் மீசையை முறுக்கலாம். "இல்லண்ணே, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவுல நாற்பதாயிரம் வித்தியாசம் எப்படி வந்துச்சு? அது ஆளைப் பார்த்ததுதான்" என்று தம்பி விடாமல் பிடிக்கலாம். இருவருக்கும் இடமிருக்கிறது.

தேர்தல் முடிந்த பிறகும் சண்டைக்கு விஷயம் குறையவில்லை. பட்டாபிராம் டைடல் பார்க் அ.தி.மு.க. ஆட்சியில் அறிவித்தது, தி.மு.க. ஆட்சியில் 2024 நவம்பரில் திறந்தது. பூந்தமல்லி வரும் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் சோதனை ஓட்டம் நடந்தது. "நாங்க ஆரம்பிச்சது", "நாங்க முடிச்சது" என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கட்டடத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கலாம்! வேலை கிடைத்ததா, பஸ் மாறாமல் போக முடிந்ததா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

வாதத்துக்கு முன் ஒரு பத்து நிமிடம்

வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் 'படிவம் 26' என்ற பிரமாணப் பத்திரம் தர வேண்டும். சொத்து, கடன், படிப்பு, வழக்குகள் எல்லாம் அதில் உண்டு. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். செல்போனில் பத்து நிமிட வேலை. போனமுறை நின்றவரே மறுபடி நின்றால், இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

முதல்வராக யார் வர வேண்டும் என்று யோசிப்பதில் தவறே இல்லை. சட்டமன்றத் தேர்தலே அதற்குத்தான். அதோடு இன்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: கட்சியே உடைந்தால் இவர் எங்கே நிற்பார்? 2017-க்கு முன்னால் அப்படி ஒரு கேள்வி தேவைப்படும் என்று ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

டீக்கடையில் அண்ணனும் தம்பியும் இன்னமும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவர் இலைக்கு, ஒருவர் சூரியனுக்கு, வேறொருவர் வேறு எதற்கோ ஓட்டுப் போடுவார். ஆனாலும் டீக்குக் காசு யாராவது ஒருவர் சேர்த்துத்தான் கொடுப்பார். மறுநாள் காலை அதே லோக்கலைப் பிடிக்க வேண்டும், மழை வந்தால் அதே தெருத் தண்ணீரை எல்லோருமாகத்தான் இறைக்க வேண்டும்!