உஷார்! “மூணு மாசம் பார்க்க வராதீங்க” என்கிறதா காப்பகம்?

வளர்ந்த மகன். ஆட்டிசம். தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான், தடுக்கப் போனால் கடிக்கிறான், ராத்திரியில் கதவைத் திறந்து தெருவுக்கு ஓடுகிறான். சிறப்புப் பள்ளி கைவிரித்துவிட்டது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். இந்த நேரத்தில் ஒருவர் வந்து, “மொத்தமா ஒரு தொகை கட்டிடுங்க, ஆயுசுக்கும் நாங்க பார்த்துக்கறோம்” என்றால் எந்தப் பெற்றோருக்கும் கையெழுத்துப் போடத்தான் தோன்றும். போடாதீர்கள், பொறுங்கள்!

அதிலும், “முதல் மூணு மாசம் வராதீங்க, உங்களைப் பார்த்தா பிள்ளை செட் ஆக மாட்டான்” என்று சொல்லும் இடத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். உள்ளே என்ன நடந்தாலும் அவனால் சொல்ல முடியாது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு கீற்றுக்கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் பலியானார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதையும் தனியறையில் அடைப்பதையும் 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. ஆனாலும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிய அனுமதி பெறாமல் நடந்த ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியிருந்தது. அந்த விவகாரம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? அங்கே ஒரு முதியவரைச் சேர்த்தவர்கள் பார்க்கப் போனபோது அவர் இல்லை. அவரைத் தேடி உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

பதிவுச் சான்றிதழை முதலில் கேளுங்கள். மனநோயாளிகளுக்கான இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லம் என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். டிரஸ்ட் பதிவுப் பத்திரத்தைக் காட்டி ஏமாற்றப் பார்ப்பார்கள். அது வேறு, இது வேறு. சந்தேகம் வந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள். படுக்கும் அறைக்குப் போய்க் கதவைப் பாருங்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறதா? உள்ளே இருப்பவர்களின் மணிக்கட்டில் தழும்பு தெரிகிறதா? மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கி வழிகிறார்களா? அப்படியென்றால் யார் எழுதிக் கொடுத்து, என்ன மாத்திரை போகிறது என்று கேளுங்கள். ராத்திரியில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்றும் கேளுங்கள்.

“பிள்ளை கத்தினால் என்ன செய்வீர்கள்?” இதைப் பொறுப்பாளரிடம் கேட்காதீர்கள், பராமரிக்கும் ஊழியரிடம் கேளுங்கள். “ஒரு அதட்டு போட்டா அடங்கிடுவான்” என்று பதில் வந்தால் உடனே கிளம்பிவிடுங்கள். அவன் கத்துவதற்குக் காரணம் பல்வலியாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், பக்கத்து அறை மிக்ஸி சத்தமாகக்கூட இருக்கலாம். அதைத் தேடத் தெரிந்தவர்களிடம்தான் பிள்ளையை விடலாம்.

பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்க வைப்பது மட்டுமே வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னையில் 1993-ல் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, மனநோயிலிருந்து மீள்பவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடும்பம்போல் வாழ ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில் வழி செய்திருக்கிறது. துணைக்கு ஊழியர்களும் உண்டு. இப்படிச் சின்ன வீடுகள் நம் ஊரில் இன்னும் போதாது. அதற்காகக் கிடைத்த இடத்தில் தள்ளிவிட்டு வந்துவிடாதீர்கள்.

சேர்த்த பிறகும் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். காலையில் ஒருநாள், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள். வாசலிலேயே நிறுத்தினால், அன்றைக்கே பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.