தகப்பனார் வாங்கிய ஃபார்கோ

நமது இதழில் சரக்கு நிலவரமும் வரி விவரமும் படித்துப் பழகிய உங்களுக்கு, ஒரு பழைய வண்டியைப் பழுது பார்த்த கதை எதற்கு என்று தோன்றலாம். வண்டிக்காக மட்டும் இதை எழுதவில்லை. படித்து முடித்ததும் உங்கள் கடையின் மெயின் பெட்டியை ஒரு முறை திறந்து பார்த்தால் போதும், எழுதிய நோக்கம் நிறைவேறிவிடும்.

விருதுநகரில் எங்கள் தகப்பனார் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்துவந்தார். அதுவரை மாட்டு வண்டியில் போய்வந்த சரக்குக்காக, 1964-ல் அவர் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினார். 1951 மாடல் ஃபார்கோ. சாத்தூர், அருப்புக்கோட்டை, சிவகாசி என்று அது போகாத கடைவீதி இல்லை. பையனாக இருந்த நாங்கள் பின்னால் மூடைகளின் மேல் உட்கார்ந்து போனதுண்டு.

ஃபார்கோ என்ற பெயர் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி, டாட்ஜ் என்றும் ஃபார்கோ என்றும் இரண்டு பெயர்களில் ஏறக்குறைய ஒரே வண்டியை விற்றது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் வண்டிகளை நம் நாட்டில் கோத்து விற்றது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். காலால் மிதித்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். மின்சாரம் வெறும் 6 வோல்ட். அந்த 6 வோல்ட்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1978-ல் நடந்தது

இரவில் சரக்கு இறக்க வெளிச்சம் போதவில்லை என்று, வண்டியின் பின்பக்கம் நாங்களாகவே ஒரு விளக்கைப் பொருத்தியிருந்தோம். அதற்கென்று தனியாக ஒரு கண்ணாடி பியூஸ். அது அடிக்கடி போயிற்று. ஏன் போகிறது என்று பார்க்கவில்லை. சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுற்றி உள்ளே திணித்தோம். அதன் பிறகு பியூஸ் போகவேயில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

1978 பங்குனியில் அருப்புக்கோட்டையிலிருந்து வத்தல் ஏற்றிவந்த இரவில், டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் பற்றிக்கொண்டது. வத்தல் மூடையில் நெருப்புப் பிடித்தால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டி, கொதித்துக்கொண்டிருந்த பேட்டரிக் கேபிளை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். வண்டி தப்பியது. முன்வரிசையில் இருந்த 4 மூடை போயிற்று. அவருடைய வலது உள்ளங்கை வெந்து, இரண்டு விரல்கள் அதன்பின் சரியாக மடங்கவில்லை.

ஈயத்தாளை வைத்தது எங்கள் கை. தகப்பனார் எங்களைத் திட்டவில்லை. பேரேட்டில் நஷ்டக் கணக்கு எழுதி, விவரம் என்ற இடத்தில் "பியூஸ் 1" என்று மட்டும் எழுதினார். அந்தப் பேரேடு இன்னும் எங்களிடம் இருக்கிறது.

1986-ல் டீசல் மெட்டடார் வாங்கியபோது ஃபார்கோவைக் கிட்டங்கிக்குப் பின்னால் நிறுத்தினோம். 36 வருஷம் அது அங்கேயே நின்றது.

மறுபடியும் கையில் எடுத்தது

2022-ல் கிட்டங்கியை விரிவாக்க இடம் வேண்டியிருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் எங்கள் தமையனார். எங்கள் மகன் வேண்டாம் என்றான். விலை பேச வந்த இரும்புக்கடைக்காரர் எடைக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்றதும், எங்களுக்கும் மனது ஒப்பவில்லை. பழுது பார்ப்பதென்று முடிவாயிற்று.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் துவாரங்களில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி விடுவித்தார் மெக்கானிக். பெட்ரோல் டாங்கின் துருவைக் கழுவினோம். பிரேக் சிலிண்டர் ரப்பர் எல்லாம் மாற்றினோம். சரக்குத் தளத்தின் மரப்பலகைகள் உளுத்திருந்ததால் புதிய வேங்கைப் பலகை போட்டோம். பெயிண்ட் அடித்ததும் வண்டி பார்க்க லட்சணமாக இருந்தது. மின்சார வேலைதான் பாக்கி. அதற்குள் எங்களுக்கு அவசரம் வந்துவிட்டது.

"ஒயர் கிடக்கட்டும், பேட்டரியையும் பல்பையும் மட்டும் 12 வோல்ட்டுக்கு மாத்திக் கொடு தம்பி" என்றோம். எலக்ட்ரீஷியன் பழைய ஒயரில் ஒரு சாண் வெட்டி எடுத்து எங்கள் முன்னால் மடக்கிக் காட்டினார். துணி சுற்றிய மேலுறை பொடியாகக் கொட்டியது. "இதுக்குள்ளயா அண்ணாச்சி 12 வோல்ட் விடச் சொல்றீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

6 ஏன் போதாது?

அவர் விளக்கியது வியாபாரிக்கு எளிதில் புரியும் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 90 வாட் என்றால், 6 வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் ஏழரையே போதும். ஒயரிலும் சுவிட்சிலும் இணைப்பிலும் கொஞ்சம் மின்சாரம் வழியிலேயே வீணாகும். ஓட்டைச் சாக்கில் பருப்பு கொண்டுபோவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் ஓடும்போது வழியில் 0.6 வோல்ட் போனால், 6-ல் அது பத்தில் ஒரு பங்கு. அதே ஒயரில் ஏழரை ஆம்பியர் ஓடினால் போவது 0.3 வோல்ட்தான், 12-ல் அது நாற்பதில் ஒரு பங்கு. பழைய பல்புக்குப் பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தக் காலத்தில் எங்கள் வண்டியின் விளக்கு அகல்விளக்குப் போல எரிந்ததன் காரணம் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அமெரிக்காக்காரர்களும் 1950-களின் நடுவில் 12-க்கு மாறிவிட்டார்கள்.

செய்த வேலைகள்

இதேபோல் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்காக வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் எர்த். இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேஸிஸோடு சேர்ந்திருந்தது. இன்றைய ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ்தான் சேஸிஸில் சேர வேண்டும். இதைக் கவனிக்காமல் இணைத்தால் அதனுள் இருக்கும் டயோடுகள் அந்த நிமிஷமே கருகிவிடும்.

இரண்டாவது, டைனமோவை எடுத்துவிட்டு மாருதி வேனுக்குப் போடும் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினோம். டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் தராது; ஆல்டர்னேட்டர் தரும். ஃபார்கோவின் பெல்ட் அகலமானது என்பதால், அதற்கேற்ற புல்லியை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம்.

மூன்றாவது, ஒயர் முழுவதும் புதிது. ஒவ்வொரு விளக்கின் வரிசைக்கும் தனித்தனி பியூஸ். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் ரிலே. ரிலே இருந்தால் கனத்த கரண்டு பழைய சுவிட்சின் வழியாகப் போகாது, சுவிட்ச் பிழைத்துக்கொள்ளும்.

நான்காவது, இக்னிஷன் காயில், பல்புகள், ஹாரன் எல்லாம் 12 வோல்ட்டுக்கு மாறின. பெட்ரோல் கேஜுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சிறு ரெசிஸ்டர் போட்டோம். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றவில்லை. 6 வோல்ட் மோட்டார் 12-ல் வேகமாகவே சுற்றும். ஆனால் சில விநாடிகளுக்கு மேல் மிதிக்கக் கூடாது.

ஐந்தாவது, பழைய ஆம்பியர் மீட்டர் புதிய ஆல்டர்னேட்டரின் கரண்டைத் தாங்காது. அதை அலங்காரத்துக்கு விட்டுவிட்டு வோல்ட் மீட்டர் வைத்தோம். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சார்ஜ் சரி. எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து 12.6 காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி காலி.

எல்லாம் முடிந்தும் பின்விளக்கு மங்கலாகவே எரிந்தது. ஒரு நாள் முழுக்கப் பல்பையும் ஒயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். குற்றவாளி, நாங்கள் ஆசையோடு அடித்த புதுப் பெயிண்ட்! விளக்குக்கும் பாடிக்கும் நடுவே பெயிண்ட் புகுந்து எர்த்தைத் தடுத்திருந்தது. போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டி, எஞ்சினிலிருந்தும் பாடியிலிருந்தும் சேஸிஸுக்குத் தனித்தனி எர்த் ஒயர் கொடுத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மின்சார வேலைக்கு மட்டும் ஆன செலவு: பேட்டரி 6,500 ரூபாய், ஆல்டர்னேட்டர் 5,500, ஒயர் வகைகள் 4,000, விளக்கு, ரிலே, பியூஸ் பெட்டி 6,000, காயிலும் ஹாரனும் மற்றவையும் 3,500, லேத் வேலை 1,500, கூலி 11,000. மொத்தம் 38,000. எஞ்சினுக்கும் பாடிக்கும் ஆனது இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். லாபக் கணக்குப் பார்த்தால் இது வியாபாரமே அல்ல. 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கென 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த பழமை வண்டிப் பதிவு விதிகளும், சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் ஆனவை. எங்களுடையது சரக்கு வண்டி, பதிவும் காலாவதியாகிவிட்டது. ஆகவே ரோட்டுக்கு எடுப்பதில்லை. கிட்டங்கி வளாகத்துக்குள் மூடை மாற்றுவதோடு சரி.

வரவு எது?

வேலை முடிந்த அன்று, எலக்ட்ரீஷியன் டீ குடித்துக்கொண்டே கிட்டங்கியின் மெயின் பெட்டியைத் திறந்தார். ஒரு பியூஸ் கட்டையை உருவி எங்கள் கையில் கொடுத்தார். பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், முறுக்கிய தடித்த செம்புக் கம்பி. அடிக்கடி கரண்டு போகிறது என்று, சில மாதங்களுக்கு முன் எங்கள் எதிரிலேயே ஆள் போட்டது. நாங்களும் சரி என்று தலையாட்டியிருந்தோம். அந்த வரிசையில் இருந்தது எண்ணெய் டின்களும் சாக்குக் கட்டுகளும்.

44 வருஷத்துக்கு முன் வைத்த ஈயத்தாளும் இதுவும் ஒன்றுதானே! வெட்கமாக இருந்தது. மறு வாரமே கிட்டங்கி, கடை, வீடு மூன்றுக்கும் எம்.சி.பி.யும் கசிவைக் கண்டு தானாக அணையும் சுவிட்சும் போட்டு, எர்த்தைச் சோதித்துச் சரிசெய்தோம். டெலிவரி வண்டிகளையும் விடவில்லை. ஃபார்கோவுக்குச் செய்த செலவின் வரவு இதுதான் என்று எழுதிவைத்திருக்கிறோம்.

பியூஸ் போவது தொந்தரவு அல்ல, அது ஒரு தகவல். எங்கோ ஒயர் தேய்ந்திருக்கிறது, அல்லது சுமை கூடியிருக்கிறது என்று அது சொல்கிறது. கம்பியைத் தடித்துப் போட்டால் தகவல் வராது, நெருப்புத்தான் வரும். ஒரே பியூஸ் இரண்டாம் முறை போனால், மூன்றாவதைப் போடுமுன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

வண்டியை முதலில் ஸ்டார்ட் செய்ய டிரைவர் அண்ணாச்சியை அழைத்து வந்தோம். 80 வயது. மகன் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றிவிட்டான். ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தார். ஆனால் மிதிக்கவில்லை. "பியூஸ் எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். பெட்டியைத் திறந்து காட்டினோம். மடங்காத அந்த விரல்களால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து முடித்த பிறகுதான் காலை வைத்தார்.