ஒடிசா கார்டுக்குத் திருப்பூரில் அரிசி

நம்ம பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பீகார்க்காரங்க எத்தனை பேர்! ரேஷன் கார்டு அவங்க ஊரில் இருக்கும். இங்கே கடை விலைக்குத்தான் அரிசி வாங்கினாங்க.

அதை மாற்றத்தான் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம். ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் கார்டுகளை ஆதாரோடு இணைத்து, கடைகளில் கைரேகை மிஷின் வைத்தார்கள். 2019 ஆகஸ்டில் ஆந்திரா-தெலங்கானா, குஜராத்-மகாராஷ்டிரா என்று ஜோடி ஜோடியாகச் சோதித்தார்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கடைசியாக அசாம், 2022 ஜூனில்.

எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: பெரும்பாலான கார்டுகளுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ. அதில் அண்ணன் தன் பங்கை இங்கே வாங்கலாம், மீதியை அம்மா ஊரில் வாங்கலாம். கார்டு நம்பரோ ஆதார் நம்பரோ சொல்லி விரல் வைத்தால் போதும். 2023 முதல் அந்த அரிசி இலவசம். பருப்பு, பாமாயில் மட்டும் கிடைக்காது, அது நம் மாநிலம் தனியாகத் தருவது.

ஆனால் எங்க லைன் வீட்டு ஒடியா அக்காவுக்கு இது தெரியவே தெரியாது! கடை போர்டு தமிழில் இருக்கு. அவங்க ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் கடையும் சாத்திவிடுது. மிஷின் வைக்கத் திட்டம் போட்டவங்க இதற்கும் போட்டிருக்கலாம்.

ஒடியா, இந்தி எழுதத் தெரிந்தவங்க நம்ம பள்ளியிலேயே இருக்கீங்க. கடை எங்கே, எந்த நேரம், என்ன கொண்டுபோகணும்னு எழுதிக் கொடுங்க. அடுத்த இதழில் ஒட்டுவோம், அம்மா அப்பாவிடமும் ஒரு பிரதி கொடுப்போம்.