வங்கி முத்திரை குத்திவிட்டால் காசோலை காசாகிவிடுமா?

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, ஓமந்தையில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஒரு காசோலையைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய தகப்பனாரின் நெல்லை வாங்கிய வியாபாரி கொடுத்தது. திகதி மூன்று கிழமை பிந்தியது. பின்பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையின் இறப்பர் முத்திரை, அந்தத் திகதியில் பணம் செலுத்தப்படும் என்று ஒரு வரி, கீழே ஒரு கையொப்பம்.

"வங்கியே பொறுப்பெடுத்திருக்கு சேர், பிறகென்ன பயம்?" என்றார்.

திகதி வந்தது. வியாபாரியின் கணக்கில் காசில்லை, காசோலை திரும்பியது. கிளைக்குப் போய்க் கேட்டபோது, அந்தக் கையொப்பத்துக்கு வங்கி பொறுப்பில்லை என்றார்கள். உரக்கடைக் கடன் அப்படியே நிற்கிறது.

கேட்டபோது எனக்கும் இது அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் இதே கேள்விக்கு 80 வருடங்களுக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

1939 இல் கல்கத்தாவில், பேங்க் ஒஃப் பரோடாவின் கிளை முகாமையாளர், வாடிக்கையாளர் ஒருவரின் பின்திகதியிட்ட காசோலையில் 'குறித்த நாளில் செலுத்தத்தக்கது' என்ற பொருள்பட எழுதிக் கையொப்பமிட்டார். அதை நம்பிப் பஞ்சாப் நஷனல் வங்கி பணம் கொடுத்தது. உரிய நாளில் காசோலை மதிக்கப்படவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1944 இல் லோர்ட் ரைட் வழங்கிய தீர்ப்பு, பரோடா வங்கி பொறுப்பல்ல என்பதே. ஒரு வங்கியே ஏமாந்த இடம் அது. இலங்கையின் மேன்முறையீடுகளும் 1971 வரை அங்கேதான் போயின.

காரணங்கள் எளியவை. ஒன்று, காசோலை என்பது கணக்குவைத்திருப்பவர் வங்கிக்கு இடும் கட்டளை. வங்கி தரும் வாக்குறுதி அல்ல. வங்கி தானே கடன்பட வேண்டுமானால், ஏற்றுக்கொள்வதாகத் தெளிவாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். எங்கள் 1927 ஆம் ஆண்டின் உண்டியல் கட்டளைச் சட்டமும் இந்த அடிப்படையிலேயே அமைந்தது. இரண்டு, அன்றைய திகதியிட்ட காசோலை என்றால் வங்கி பணத்தை ஒதுக்கி வைக்கலாம். பின்திகதியிட்ட காசோலைக்கு அப்படி ஒதுக்க முடியாது. அந்த நாளுக்கு முன் வாடிக்கையாளர் காசை எடுக்கலாம், கொடுப்பனவை நிறுத்தவும் சொல்லலாம். மூன்று, இப்படி உறுதி எழுதுவது முகாமையாளரின் வழமையான அதிகாரத்துக்குள் வராது.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே வங்கி முறைப்படி உறுதிப்படுத்திய காசோலை, வங்கியே ஏற்றுக்கொண்ட காசோலை என்று சட்டத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டு உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிடக் கூடாது.

ஆகவே நெல்லோ, மாடோ, காணியோ விற்கும்போது பணம் உங்கள் கணக்கில் விழுந்த பிறகு பொருளைக் கொடுங்கள். இல்லையேல், வங்கி தன் பெயரிலேயே தரும் பே ஓடரைக் கேளுங்கள். அதையும் கிளையில் காட்டி உறுதி செய்யுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கும்படி அல்பகரா 282 ஆம் வசனம் சொல்வது நமக்குத் தெரிந்ததே. யார் கடன்படுகிறார் என்பது அந்த எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

நண்பருக்கு வழி முற்றாக அடைபடவில்லை. காசோலையை எழுதிய வியாபாரியின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றமும் ஆகும். திரும்பிய காசோலையையும் வங்கி தந்த துண்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு சட்டத்தரணியிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.