ஆழத்து ஏரியில் கொகனி வேட்டை
பதின்மூன்று ஆண்டுகள் தடைபட்டு நின்ற ஒரு கோடைக்காலப் பொழுதுபோக்கு

தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையில் கண்ணயர்ந்து உட்கார்ந்திருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மீன் கடித்தால் தக்கை ஆடும். அதுவரை அவர்களுக்கு வேலை இல்லை. கொகனி என்ற மீனைப் பிடிக்கப் புறப்பட்டவருக்கு இந்தச் சுகம் கிடையாது. படகில் உட்கார்ந்தபடி தூண்டிற்கோலைத் தூக்குவதும் இறக்குவதுமாக அவர் கை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் மீனும் திரும்பிப் பார்க்காது. இப்படிப் பிடிப்பதற்கு 'ஜிக்' போடுதல் என்று பெயர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மாநிலங்களிலும், அதை ஒட்டிய கனடாவிலும் கோடை பிறந்தால் போதும். குடும்பம் குடும்பமாகக் கூடாரத்தையும் சமையல் சாமான்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை ஏரிகளுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்களில் பலருக்கு உல்லாசப் பயணத்தின் முக்கிய நோக்கமே இந்தக் கொகனிதான்.

கடலைக் காணாத சால்மன்

கொகனி என்பது என்ன மீன்? பசிபிக் கடலில் 'சாக்கை' என்று ஒரு சால்மன் உண்டு. அது ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடுவதற்காக மீண்டும் ஆற்றுக்கு ஏறி வருவது. அதே இனத்தில் ஒரு கிளை கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே தங்கிவிட்டது. அதுதான் கொகனி. அந்தப் பகுதியின் ஆதிக்குடிகளான சேலிஷ் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் இது.

கடலின் ஊட்டம் இல்லாததால் இதன் உடல் சிறியது. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அங்குலம்தான் இருக்கும். கோடையில் வெள்ளிக் காசு போல மின்னும். மூன்று நான்கு வயதானதும், இலையுதிர் காலத்தில், உடல் செக்கச்செவேலென்று சிவந்துவிடும். ஆண் மீனுக்கு முகவாய் கொக்கி போல வளையும். சரளைக்கல் பரப்பில் முட்டையிட்டுவிட்டு, ஆணும் பெண்ணும் சில நாட்களில் இறந்துபோகும். நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட், கொகனிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம்.

பிடிக்கும் முறை

ஐடஹோ மாநிலத்தின் வடகோடியில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. பிரெஞ்சுப் பெயர், உச்சரிப்பு 'பாண்டரே'. காதில் தொங்கும் அணி என்பது பொருள். நீளம் 43 மைல். ஆழம் 1,150 அடி. இந்த ஆழத்தை உத்தேசித்துத்தான் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களின் மாதிரிகளை இங்கே விட்டு, அவை எவ்வளவு ஓசையின்றி ஓடுகின்றன என்று சோதித்து வருகிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-ல், இதன் தென்கரையில் பாரகட் என்ற கடற்படைப் பயிற்சி முகாம் எழுந்தது. ஏறக்குறைய 2,93,000 மாலுமிகள் அங்கே பயிற்சி பெற்றார்கள். யுத்தம் முடிந்த பிறகு முகாம் மூடப்பட்டது. 1965-ல் அந்த இடம் அரசாங்கப் பூங்காவாயிற்று. போர் வீரர்கள் அணிவகுத்த இடத்தில் இன்று குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் கூடாரம் அடிக்கின்றன.

கொகனிக்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும். சுமார் 50 முதல் 55 டிகிரி பாரன்ஹீட் அதற்குச் சுகமான உஷ்ணம். கோடை வெயிலில் ஏரியின் மேல்நீர் சூடேறிவிடுவதால், அது 40, 60, சில சமயம் 100 அடி ஆழத்துக்குக்கூட இறங்கிவிடும். ஆகவே விடியற்காலையிலேயே படகை எடுத்துவிட வேண்டும். படகிலுள்ள எதிரொலிக் கருவி, மீன் கூட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்பதைத் திரையிலே காட்டிவிடும்.

கூட்டத்தின் தலைக்கு மேல் படகை நிறுத்தியதும் ஜிக்கை நேராகக் கீழே இறக்குவார்கள். ஜிக் என்பது ஈயத்திலோ வேறு உலோகத்திலோ செய்து, சிறு மீன் போல வர்ணம் பூசிய ஒரு துண்டு. விரல் நீளம்கூட இராது. அடியில் முள் தொங்கும். முள்ளில் வெள்ளை மக்காச்சோள மணி ஒன்றைக் குத்துவது வழக்கம். ஜிக் மீன் கூட்டத்துக்குச் சற்று மேலே வந்ததும் நைலான் நரம்பை நிறுத்திவிட்டு, கோலை ஓர் அடி, இரண்டு அடி மேலே தூக்கி, மெல்லக் கீழே விடுவார்கள். ஜிக் பளபளத்துக்கொண்டு தள்ளாடி விழும். பெரும்பாலும் விழுகிற அந்த நேரத்தில்தான் மீன் பாய்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொகனி சோளம் தின்னும் மீனல்ல. சிறு மீன்களைத் தின்பதும் இல்லை. தண்ணீரில் மிதக்கும், கண்ணுக்குப் புலனாவதே அரிதான நீர்த்தெள்ளுப் போன்ற நுண்ணுயிர்களை உண்டு வாழ்வது அது. பின் ஏன் உலோகத் துண்டைக் கடிக்கிறது? தன் கூட்டத்துக்குள் அத்துமீறி நுழைந்து ஆடும் பொருளைக் கண்டு அதற்குக் கோபம் வருகிறது என்பது பழக்கப்பட்டவர்களின் அபிப்பிராயம்.

மீன் கடித்துவிட்டால் மட்டும் போதாது. கொகனியின் வாய் காகிதம் போல மென்மையானது. ஆவேசமாகச் சுண்டினால் வாய் கிழியும், மீன் போய்விடும். வளைந்து கொடுக்கும் மெல்லிய கோலே இதற்கு ஏற்றது. இழுப்பில் ஒரே சீரான நிதானம் வேண்டும். படகின் அருகே வந்ததும் மறக்காமல் கைவலையில் ஏந்திக்கொள்ள வேண்டும். பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து ஐஸ் பெட்டியில் போட்டுவிடுவார்கள். தாமதித்தால் இறைச்சி குழைந்துவிடும். செம்மஞ்சள் நிறமான அந்த இறைச்சியைக் கூடாரத்தின் முன்னே விறகு மூட்டி வெண்ணெயில் பொரித்துச் சாப்பிடுவார்கள். மிஞ்சியதைப் புகை போட்டுப் பதப்படுத்தி வைத்துக்கொள்வார்கள்.

இறால் செய்த வினை

கொகனி இந்த ஏரியில் தொன்றுதொட்டு இருந்த மீனல்ல. கிழக்கே மொன்டானா மாநிலத்தில் பிளாட்ஹெட் என்ற ஏரி இருக்கிறது. 1916-ல் அங்கே கொகனியைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து ஆற்றோடு இறங்கி, 1930-களில் அது தானாகவே பாண்டரேக்கு வந்து சேர்ந்து பெருகியது. 1950-களிலும் 60-களின் முற்பகுதியிலும் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் கொகனிகள் இந்த ஓர் ஏரியில் பிடிபட்டன. அதைத் தின்றே வானவில் ட்ரவுட்டும் கொழுத்தது. 1947-ல் இங்கே பிடிபட்ட ஒரு ட்ரவுட் 37 பவுண்டு எடை இருந்தது!

பிறகு சோதனை வந்தது. 1955-ல் ஏரியின் வடிகால் ஆற்றில் ஆல்பெனி பால்ஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது. குளிர்காலத்தில் நீர்மட்டம் தாழ்த்தப்பட்டபோது, கரையோரச் சரளையில் கொகனி இட்ட முட்டைகள் காற்றில் காய்ந்தன. மீன் குறையத் தொடங்கியது.

அதற்குப் பரிகாரமாக ஒரு யோசனை தோன்றியது. கனடாவின் கூட்டனி ஏரியில் 1949-ல் 'மைசிஸ்' என்ற சிற்றிறாலை விட்டிருந்தார்கள். அந்த ஏரியின் மேற்குக் கிளையில் கொகனி அதைத் தின்று நன்றாகப் பருத்தது. இதைக் கேள்விப்பட்ட மற்ற ஏரிக்காரர்களும் இறாலைத் தேடி ஓடினார்கள். பாண்டரேயில் 1966-ல் அது விடப்பட்டது.

கூட்டனியின் மேற்குக் கிளை ஆழம் குறைந்தது. நீரோட்டம் இறாலை மேலே வாரிக் கொண்டுவந்து கொகனிக்கு ஊட்டியது. ஆழமான ஏரிகளில் நடந்ததே வேறு. மைசிஸ் பகலெல்லாம் இருண்ட அடித்தளத்தில் பதுங்கியிருக்கும். இரவில்தான் மேலே வரும். கொகனியோ பகல் வெளிச்சத்தில் இரை தேடும் மீன். இரண்டும் சந்திப்பதே அபூர்வம். இறால் கொகனிக்கு இரையாகவில்லை. மாறாக, இரவிலே மேலே வந்து கொகனியின் இரையான நுண்ணுயிர்களைத் தின்று தீர்த்தது. போதாக்குறைக்கு, ஆழத்தில் வாழும் லேக் ட்ரவுட் என்ற பெரிய மீனின் குஞ்சுகளுக்கு இந்த இறால் விருந்தாயிற்று. அவை வளர்ந்து பெருகி, கொகனியையே வேட்டையாடின.

மொன்டானாவில் இந்த வினை இன்னும் கொடூரமாக முடிந்தது. மேலேயுள்ள ஏரிகளில் விட்ட மைசிஸ், 1981-ல் பிளாட்ஹெட் ஏரியில் காணப்பட்டது. அந்த ஏரியின் கொகனிகள் முட்டையிடப் போகும் மக்டொனால்ட் ஓடையில் வெண்டலைக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக வந்து மீன் தின்னும் காட்சி பிரசித்தமாக இருந்தது. 1981-ல் 639 கழுகுகளை எண்ணினார்கள். 1985-ல் லட்சத்துக்கு மேற்பட்ட கொகனிகள் ஓடைக்கு வந்தன. 1987-ல் வந்தவை சுமார் 330 மட்டுமே. 1989-ல் கழுகுகள் 25-ஆகக் குறைந்தன. இறாலைப் பார்த்தேயிராத கழுகுக்கும் இறாலால் பட்டினி!

மீட்ட கதை

பாண்டரேயிலும் அதே முடிவு வரும் என்று அஞ்சிய அதிகாரிகள், 2000-ஆம் ஆண்டில் கொகனி பிடிப்பதை அடியோடு தடை செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே கூடாரம் அடித்த குடும்பங்களுக்கு அது பேரிடியாக இருந்தது. தந்தை கற்றுக்கொடுத்த வித்தையை மகனுக்குக் காட்ட ஏரியில் இடமில்லை.

ஆனால் தடையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 2006 முதல் லேக் ட்ரவுட்டைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்குத் தலைக்கு 15 டாலர் வரை சன்மானம் வழங்கினார்கள். பேரேரிப் பகுதியிலிருந்து தேர்ந்த வலைஞர்களை வரவழைத்து ஆழத்திலே வலை விரித்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட லேக் ட்ரவுட் அப்புறப்படுத்தப்பட்டது. இதற்கிடையே மைசிஸ் இறாலின் தொகையும் குறைந்தது. கொகனி தலை தூக்கியது. 2013-ல் தடை நீங்கியது. முதலில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு மீன், பிறகு பதினைந்து என்று அனுமதித்தார்கள்.

ஆறு மீன் என்பது ஒரு வேளைக் குழம்புக்கே காணாதே என்று நமக்குத் தோன்றலாம். பதின்மூன்று கோடைகள் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஏரியில் ஒன்றைக் கொண்டுவந்து விடுவது ஒரு நாள் வேலை. அதன் விளைவைத் திருத்துவதற்கு நாற்பது ஆண்டுகளும், ஏராளமான பொருட்செலவும், பல ஆயிரம் பேரின் உழைப்பும் தேவைப்பட்டன. மீன் கூடை நிறையாமல் கரை திரும்புகிறவர்கள்கூட இப்போது முணுமுணுப்பதில்லை. அளவு எண்ணிப் பிடிப்பதும், மிகுதியை ஏரிக்கே விட்டுவைப்பதும் எதற்காக என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.